கேசுவாலிட்டியில் இறந்தவருக்கு "இதயம் நின்றது" என்று எழுதினால் அது காரணமா?

#1 ஆத்தங்கரை
ஞாயிறு, இரவு 10.14

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக விவசாயப் பகுதியில்தான் இருப்பேன், மருத்துவப் பகுதியில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். வயது 61. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, மாத்திரையும் ஒழுங்காகப் போடுவார். அன்றைக்கு விடியற்காலை 3 மணி வாக்கில் நெஞ்சு எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறார். என்னை எழுப்பியது 5 மணிக்கு. கடைத்தெருவில் ஒரு கிளினிக்கைத் தட்டி எழுப்பினோம். வாயு என்று சொல்லி இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். வேர்த்துக்கொண்டே இருந்ததால் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 6.50க்கு எமர்ஜென்சி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே நடந்துதான் உள்ளே போனார். நர்ஸ் கையில் ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கண் சொருகி, கை வெட்டி இழுத்தது. எங்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டார்கள். 7.45க்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கொடுத்த படிவத்தில் காரணம் என்று ஒரே வரி: "கார்டியோ பல்மனரி அரெஸ்ட்". சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த ஊசிதான் கொன்றது என்கிறார்கள். சண்டை போட வரவில்லை. அப்பா எதனால் இறந்தார் என்று தெரிந்தால் போதும்.

#2 நெல்லைச்சீமை
ஞாயிறு, இரவு 10.41

ஆழ்ந்த இரங்கல் அண்ணே. நடந்து போன மனிதன் ஒரு மணி நேரத்தில் பிணமாக வந்தால் என்ன அர்த்தம்? எல்லா இடத்திலும் இதே "இதயம் நின்றுவிட்டது" கதைதான். லாரி ஏறினாலும் இதயம் நிற்கும், தூக்கத்தில் போனாலும் நிற்கும். தப்பை மறைக்க வசதியான வரி. போலீசில் எழுதிக் கொடுங்கள்.

#3 டூட்டி ரூம்
திங்கள், அதிகாலை 1.20

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு நைட்.

நெல்லைச்சீமை கோபத்தில் சொன்னாலும் அந்த வரியைப் பற்றிச் சொன்னது சரி. இதயமும் மூச்சும் நிற்பதற்குப் பெயரே சாவு. அது காரணம் ஆகாது. இறப்புக் காரணத்துக்கு டாக்டர் தரும் அந்தச் சான்றான படிவம் 4-லேயே இப்படி எழுதாதே என்று குறிப்பு அச்சடித்திருக்கிறது. இறந்த விதத்தை எழுதாதே, இறப்புக்குக் காரணமான நோயையோ காயத்தையோ எழுது என்பதுதான் அது. முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அ, ஆ, இ என்று வரிகள் இருக்கும். மேல் வரியில் உடனடிக் காரணம். அது எதனால் வந்தது என்பது அடுத்த வரி. எல்லாவற்றுக்கும் வேர் எதுவோ அது கடைசி வரி. பக்கத்தில், எவ்வளவு நேரமாக அல்லது எத்தனை வருடமாக என்று ஒரு கட்டம். இரண்டாம் பகுதியில் சர்க்கரை மாதிரி கூட இருந்த நோய்கள். உங்கள் அப்பா படிவத்தில் மேல் வரியை மட்டும் நிரப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி என்று கேட்டால், எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். வார்டில் பத்து நாள் இருந்து இறந்தவருக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் கையில் இருக்கும். கேசுவாலிட்டியில் வந்து முப்பது நிமிடத்தில் போகிறவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒரு பல்ஸ், ஒரு பிரஷர், கூட வந்தவர் அழுதுகொண்டே சொன்ன நாலு வார்த்தை. அதை வைத்து எழுத வேண்டும். படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் பயிற்சி டாக்டர், அதுவும் அடுத்த ஆம்புலன்ஸ் சைரன் கேட்கும்போது. இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை.

உங்களுக்கு ஒரே கேள்வி: ஈ.சி.ஜி. எடுத்தார்களா?

#4 ஆத்தங்கரை
திங்கள், காலை 6.05

மார்பில் ஏதோ ஒட்டினார்கள் சார். பேப்பர் எதையும் எங்களிடம் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

#5 வெள்ளைத்தொப்பி
திங்கள், காலை 9.30

தம்பி, நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம் கேசுவாலிட்டி.

ஊசியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நெஞ்சுவலி என்று வருகிற யாருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் ஊசி ஏதாவது போகாமல் இருக்காது. வாந்திக்கு ஒன்று, அமிலத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. மாரடைப்பில் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் விழுவதும் பெரும்பாலும் ஆரம்ப மணி நேரங்களில்தான். இரண்டும் அடுத்தடுத்து நடந்தால் வீட்டார் கண்ணுக்கு ஊசிதான் படும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எங்களில் ஒருவராவது வெளியே வந்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. திரையை இழுத்துவிட்டு உள்ளேயே இருப்பது எங்களுக்குப் பழகிப்போன கெட்ட வழக்கம்.

வாயு என்று நினைத்து வருகிறவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சோடா, ஓமத்தண்ணி, இஞ்சி மரப்பா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை, எல்லாம் முடித்து நாலு மணி நேரம் கழித்து வருவார்கள். அதிலும் சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே வராமல் போகலாம். வேர்வை, மூச்சு வாங்கல், ஏப்பம், ஒரு தளர்ச்சி. அவ்வளவுதான் தெரியும்.

#6 சைரன்
திங்கள், மதியம் 2.12

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (வண்டியில் முதலுதவி பார்ப்பவர்) இருக்கிறேன். டூட்டி டாக்டர் சாரும் நர்ஸ் அம்மாவும் உள்ளே நடப்பதைச் சொன்னார்கள். நான் வெளியே நடப்பதைச் சொல்கிறேன்.

கேசுவாலிட்டியில் இறந்தார் என்று கணக்கில் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு விஷயம் வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். எங்கள் வண்டியில் இரண்டே பேர், நானும் பைலட்டும். டிரைவரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 வந்தது. இத்தனை வருடம் ஆகியும் ஆபத்தான கேஸ்களைக் கொண்டுபோவது ஷேர் ஆட்டோவும் டாடா ஏஸும்தான். இன்னொரு வகை, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகிற கேஸ். முதல் இடத்தில் "இங்கே வசதியில்லை, மேலே கொண்டுபோங்கள்". இரண்டாவது இடத்தில் படுக்கை இல்லை. மூன்றாவது இடத்துக்கு வரும்போது ஆளுக்குப் பிரஷரே இருக்காது. அங்கேதான் மரணம் பதிவாகும், கெட்ட பெயரும் அந்த இடத்துக்குத்தான்.

ஒரு பாம்புக்கடி கேஸ் சொல்கிறேன். ஆனி மாதம், வெக்கை, வீட்டுக்கு வெளியே தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த பையன். விடியற்காலை வயிற்று வலி என்று கூப்பிட்டார்கள். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு இமையும் பாதி மூடியிருந்தது. கண்ணைத் திற என்றால் நெற்றியைச் சுருக்குகிறானே ஒழிய இமை தூக்க முடியவில்லை. கட்டுவிரியன். அது கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், வீக்கமும் பெரிதாக இருக்காது. மூச்சுத் தசை படிப்படியாகச் செயலிழந்துபோகும். பாதி வழியில் அவன் மூச்சு நின்றுவிட்டது. மீதி 40 நிமிடம் ஆம்பு பையை, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பையை, நான் அழுத்தினேன், கை ஓய்ந்தபோது அவன் சித்தப்பா அழுத்தினார். அவருக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்தேன். பையன் பிழைத்துவிட்டான். அந்தப் பை வண்டியில் இல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கும் "கார்டியோ பல்மனரி அரெஸ்ட்" என்றுதான் எழுதியிருப்பார்கள். பாம்பு என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

#7 கேள்விக்குறி
திங்கள், மாலை 4.50

சைரன் அண்ணா, நெஞ்சம் பதறிவிட்டது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் 12 லட்சம் பேர், வருடத்துக்குச் சுமார் 58,000 என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவ்வளவு வருவதில்லை. நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஏன் என்று புரிகிறது.

டூட்டி ரூம் சாரிடம் ஒரு கேள்வி: எமர்ஜென்சியில் உண்மையில் எதனால்தான் அதிகம் சாகிறார்கள்? விபத்தா, மாரடைப்பா?

#8 டூட்டி ரூம்
செவ்வாய், அதிகாலை 2.35

இன்றும் நைட். எண்ணிக்கை கேட்டால், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். நெடுஞ்சாலை ஓரத்து ஜி.ஹெச். பார்ப்பது வேறு, நகரத்துத் தனியார் பார்ப்பது வேறு. என் கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

சத்தம் போட்டு வருகிற சாவு விபத்து. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்தில் 17,884 பேர் இறந்தார்கள், நாடு முழுக்க 1,68,491. தலைக்காயம் எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது வயிறும் இடுப்பும். பைக்கில் விழுந்த இருபத்திரண்டு வயதுப் பையன், வெளியில் ஒரு சிராய்ப்பு மட்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பிரஷர் 110 இருக்கும். இளம் உடம்பு ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிடித்துப் பிரஷரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். பல்ஸ் மட்டும் 130. கூட வந்தவர்கள் "ஒன்றும் இல்லை, பேசுகிறான்" என்பார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய ரத்தம். பிரஷர் விழும்போது ஒரேயடியாக விழும். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிற விபத்துக் கேஸைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம். ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மலிவான மருந்துதான். 2010-இல் 20,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த சோதனையில் அது உயிர் காப்பது தெரிந்தது. ஆனால் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாமதமானால் கெடுதலும் செய்யலாம்.

சத்தமில்லாமல் வருகிற சாவுதான் அதிகம் என்று நினைக்கிறேன். "பாட்டி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இன்றைக்குப் பினாத்துகிறார்" என்று கூட்டி வருவார்கள். சர்க்கரைக்காரர், காலில் சின்னப் புண், இல்லாவிட்டால் மூத்திரத்தில் கிருமி. உடம்பு முழுக்கப் பரவிச் செப்சிஸ் ஆகியிருக்கும். கை கால் சில்லென்று, பிரஷர் 70. எங்கள் கைக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும். அவர் அங்கே வருவதற்கே இரண்டு நாள் போயிருக்கும். வீட்டில் "வயசாகிடுச்சு" என்று முடித்துக்கொள்வார்கள். அதையும் ஒரு காரணமாகப் படிவத்தில் பார்த்திருக்கிறேன், "முதுமை" என்று!

அப்புறம் டயாலிசிஸ் கேஸ்கள். தீபாவளி, பொங்கல் முடிந்த வாரம் பாருங்கள். ஊருக்குப் போய் ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டு, உடம்பு சூடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு இளநீர் குடித்துவிட்டு வருவார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இளநீர் விஷம். அதில் பொட்டாசியம் அவ்வளவு. கால் தூக்க முடியவில்லை என்று வருகிறவரின் ஈ.சி.ஜி.யில் கோடுகள் கூடாரம் மாதிரி கூர்மையாக நிமிர்ந்து நிற்கும். பார்த்தவுடன் கால்சியம் குளுக்கோனேட் போட்டால் ஆள் தப்பலாம். ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தால் ரிப்போர்ட் வரும்போது கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

கல்லீரல் கெட்டு ரத்த வாந்தி எடுக்கிறவர்கள், பூச்சிமருந்து, பக்கவாதம், ஆஸ்துமா என்று இன்னும் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, போய்விட்டு வருகிறேன்.

#9 நெல்லைச்சீமை
செவ்வாய், காலை 8.15

> அவர் அங்கே வருவதற்கே இரண்டு நாள் போயிருக்கும்

சார், எல்லாப் பழியையும் வீட்டார் தலையிலேயே போடுகிறீர்கள். நோயாளி லேட்டாக வந்தார், ஆட்டோவில் வந்தார், இளநீர் குடித்தார். உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா? என் மைத்துனரை நெஞ்சுவலி என்று கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. நார்மல் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் விழுந்து செத்தார். அது கேசுவாலிட்டி மரணக் கணக்கில்கூட வராது, தெரியுமா? வீட்டில் இறந்தார் என்று போய்விட்டது.

#10 வெள்ளைத்தொப்பி
செவ்வாய், காலை 10.02

தம்பி, உன் மைத்துனர் விஷயத்தில் நடந்தது தப்பு. முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலே மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. திரும்ப எடுக்க வேண்டும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது, சில மணி நேரம் கழித்து மறுபடி. படுக்கை இல்லை, கூட்டம் என்பதெல்லாம் அனுப்புவதற்குக் காரணம் ஆகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேசுவாலிட்டி என்றால் ஒரு மேஜை, விபத்துக் கேஸ்களைப் பதியும் ஒரு ஏ.ஆர். நோட்டு, போலீசுக்குத் தகவல் எழுதுகிற ஒரு டாக்டர். சிகிச்சை வார்டில்தான். வார்டுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வழியில் லிஃப்ட் வாசலில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள். அவசர மருத்துவம் தனிப் படிப்பு என்று இந்த நாட்டில் ஒத்துக்கொண்டதே 2009-இல்தான். பிறகு நம் ஊரில் அவசர சிகிச்சைக்கான "தாய்" திட்டம் வந்து, ஆபத்தைப் பொறுத்து நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கு வந்தது. ஆனாலும் சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டு அங்கே ஒரே ஒரு நர்ஸை நிறுத்தியிருக்கிற இடங்களும் எனக்குத் தெரியும். மஞ்சளில் படுத்திருப்பவர் எப்போது சிவப்பாக மாறினார் என்று யார் பார்ப்பது?

#11 டூட்டி ரூம்
செவ்வாய், மதியம் 1.40

நெல்லைச்சீமை, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விடியற்காலை எழுதியது ஒருபக்கமாகத்தான் வந்துவிட்டது. இப்படி அனுப்பிய பிறகு இறப்பவர்கள் எங்கள் பதிவேட்டில் இல்லாததால் எங்களுக்கே தெரியாமல் போகிறது என்பதை யோசித்துப் பார்த்ததில்லை.

அமைப்பு சரியாக இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு உண்டு. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய மையங்களோடு கோத்து, ஈ.சி.ஜி.யை அனுப்பி, முதலில் ரத்தக் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைத்துப் பிறகு ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோகிற ஏற்பாட்டை நாலு தொகுப்புகளில் 2,420 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி ஓராண்டுக்குள் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. புது மருந்தோ புது மெஷினோ எதுவும் இல்லை. யார் யாரிடம் போனில் பேசுவது, எங்கே அனுப்புவது என்கிற ஒழுங்குதான். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை ஒரே தடவையாகக் கொடுத்து அனுப்புவதும் இதே வழிதான். ஆத்தங்கரை, உங்கள் அப்பாவுக்கு 5 மணிக்கு இடுப்பு ஊசிக்குப் பதில் அது கிடைத்திருக்க வேண்டும். மாரடைப்புச் சந்தேகம் இருந்தால் தசையில் ஊசி போடவே கூடாது. பின்னால் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் அங்கே ரத்தம் கட்டும்.

#12 வடமராட்சியான்
செவ்வாய், இரவு 9.25

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் ஒரு வித்தியாசம் இருக்கு. வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்போதே இறந்திருந்தாலோ காரணம் சந்தேகமாக இருந்தாலோ திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒருவர் வந்து விசாரிப்பார். பத்திரிகையில் ஒவ்வொரு மரணச் செய்தியின் கடைசி வரியும் அவருடைய பெயர்தான். இழுத்தடிப்பு என்று சனம் திட்டும், ஆனால் காரணத்தைத் தேடுவதற்கென்று ஒரு ஆள் இருக்கிறார்.

2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே காய்ச்சலோடு வந்த பலர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். கூடுதலாக வடமராட்சிப் பக்கம்தான். எல்லாம் நுரையீரல் பாதித்துத் திடுக்கென்று போன மரணங்கள். "மர்மக் காய்ச்சல்" என்று ஊரே பயந்து கிடந்தது. மாதிரிகளைச் சோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உடனே வயல் வேலை செய்யிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்று எழுதிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்த பத்துப் பேரும் போயிருப்பினம்.

பூச்சிமருந்தும் அப்படித்தான். எங்கட நாட்டில் 1995 அளவில் தற்கொலை இலட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்தது. எந்த மருந்து குடித்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று வைத்தியசாலைகளில் எண்ணி, அந்த மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்து வருசத்தில் அரைவாசியானது. காரணத்தை ஒழுங்காக எழுதினபடியால்தான் அது முடிந்தது.

#13 மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 9.40

பூச்சிமருந்து பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு: மருந்துப் பெயர், அளவு எதையும் யாரும் எழுத வேண்டாம். மனம் சரியில்லாமல் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் தமிழ்நாட்டில் 104-க்குப் பேசுங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். இழை தொடரட்டும்.

#14 பழைய ஏடு
புதன், காலை 11.18

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவன். டாக்டர்கள் எழுதுகிற நோய்க்கு சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு போடுவது எங்கள் வேலை. கார்டியாக் அரெஸ்ட் என்றால் ஐ46. அதைப் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தது. எங்களுக்குள் அதற்குப் பெயரே குப்பைக் குறியீடு. கணக்கில் ஏறும், யாருக்கும் பயன்படாது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணமே இருந்தது. அந்த 22.5-க்குள்ளும் எத்தனை ஐ46 என்று நினைத்தால் சிரிப்புதான் வரும்.

சரி, ஆத்தங்கரை தம்பிக்கு ஆக வேண்டிய காரியம். முனிசிபாலிட்டியில் வாங்குகிற இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைச் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்கிறது. காரணம் இருப்பது படிவம் 4-இல். அதன் நகலை நெருங்கிய உறவினருக்கு ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டும் என்று 2023-இல் திருத்தம் வந்தது, அந்த அக்டோபர் முதல் நடைமுறை. அதுதான் உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அது இல்லை, கேஸ் ஷீட். எழுத்தில் கேளுங்கள். உறவினர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்களுக்கான விதி. மெடிக்கல் சூப்பிரண்டெண்ட் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம், அப்பாவின் ஐ.பி. நம்பர் அல்லது எமர்ஜென்சி நம்பர், உங்கள் ஆதார் நகல். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்துத் தாள், ஈ.சி.ஜி. நகல் என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ரெக்கார்டு கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கத்தை நீட்டுவார்கள். கவுண்டரில் குரலை உயர்த்த வேண்டாம். கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

#15 சைரன்
புதன், இரவு 7.55

பழைய ஏடு ஐயா சொன்னது தங்கம். எங்கள் பி.சி.ஆர். தாளையும் (ஆம்புலன்ஸில் நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பு) கேட்கலாம், 108-இல் வந்திருந்தால். அதில் வண்டி ஏறிய நேரம், ஒவ்வொரு பிரஷரும் இருக்கும்.

விபத்தில் சிக்கியவர்களைத் தூக்கிவிடப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134-அ பிரிவு இருக்கிறது. உதவி செய்தவரைப் பேர் சொல் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம், எந்த மாநிலத்துக்காரர் என்றாலும். இவ்வளவு இருந்தும் போன வாரம் ஒருவர் ரோட்டில் நாற்பது நிமிடம் கிடந்தார். சுற்றி நின்ற பத்துப் பேரில் நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

#16 ஆத்தங்கரை
அடுத்த திங்கள், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. கடிதம் கொடுத்தேன். முதல் நாள் சம்மரிதான் நீட்டினார்கள். ஐயா சொன்னபடி நான்கையும் பெயர் சொன்னேன், சனிக்கிழமை கொடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

நேரப்படி இருப்பதை எழுதுகிறேன், டூட்டி ரூம் சார் பாருங்கள். 6.50 வருகை. 6.58 பான்டாப்ரசோல் 40, ஓண்டான்செட்ரான் 4, நரம்பில். 7.02 ஈ.சி.ஜி. அதன் ஓரத்தில் பேனாவால் "ஆன்டீரியர் எம்.ஐ., கார்டியாலஜிஸ்டுக்குத் தகவல்" என்று எழுதியிருக்கிறது. 7.06 ஆஸ்பிரின், குளோபிடோகிரல். 7.10 "நோயாளி மயங்கினார், வி.எஃப்." அதற்குப் பிறகு பக்கம் முழுக்க நேரம், ஷாக், அட்ரினலின், நேரம், ஷாக். நான்கு ஷாக். கடைசி வரி 7.45.

#17 டூட்டி ரூம்
அடுத்த திங்கள், இரவு 11.50

பார்த்தேன். நீங்கள் பார்த்த ஊசி வயிற்று அமிலத்துக்கும் வாந்திக்கும். இந்த நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் அதன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இதயத்தின் முன்பக்கச் சுவருக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து, 3 மணியிலிருந்து நான்கு மணி நேரமாகத் தசை செத்துக்கொண்டிருந்திருக்கிறது. 7.10க்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வி.எஃப். என்பது அதுதான். கை வெட்டி இழுத்ததும் மூளைக்கு ரத்தம் போகாததால். 35 நிமிடம் விடாமல் முயன்றிருக்கிறார்கள். ஈ.சி.ஜி. பத்து நிமிடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், பன்னிரண்டு ஆகியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தால் மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

படிவத்தில் வர வேண்டியது: மேல் வரியில் வி.எஃப்., அதன்கீழ் முன்சுவர் மாரடைப்பு, நான்கு மணி நேரம், கடைசி வரியில் இதய ரத்தக் குழாய் நோய். இரண்டாம் பகுதியில் சர்க்கரை, பிரஷர், எத்தனை வருடம் என்று. ஈ.சி.ஜி.யில் தன் கையாலேயே எழுதிய டாக்டர் படிவத்தில் அதை எழுதாமல் விட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. திருத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

#18 நெல்லைச்சீமை
செவ்வாய், காலை 7.20

அண்ணே, முதலில் போலீசுக்குப் போகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கிளினிக் ஊசி விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

#19 ஆத்தங்கரை
செவ்வாய், காலை 7.48

எனக்கும் மாறவில்லை தம்பி. அதற்குச் சீட்டு எதுவும் தரவில்லை, என்ன மருந்து என்றே தெரியாது.

சொந்தக்காரர்களுக்கு நேற்று ராத்திரி படித்துக் காட்டினேன். பெரியப்பா இரண்டு தடவை 7.10 வரியைப் படிக்கச் சொன்னார். அம்மாவிடம் மட்டும் 3 மணியிலிருந்து என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஓமத்தண்ணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

#20 பழைய ஏடு
செவ்வாய், காலை 9.05

தம்பி, திருத்தம் கேட்கப் போகும்போது ஈ.சி.ஜி. தாளைக் கொடுத்துவிட வேண்டாம். உங்களிடம் இருப்பது அசலா, ஜெராக்ஸா? அசல் என்றால் அது தெர்மல் பேப்பர். வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் வைத்தால் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

#21 ஆத்தங்கரை
செவ்வாய், காலை 9.31

ஜெராக்ஸ்தான் ஐயா. அசல் அவர்களிடமே இருக்கிறது. மூன்று காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது, மீதி இரண்டும் நன்றாக இருக்கிறது.